சமவெளி வீட்டில் முதல் ஆர்க்கிட்: டென்ட்ரோபியம் வளர்ப்பு

ரோஜாவுக்குச் செய்வதையெல்லாம் ஆர்க்கிட்டுக்கும் செய்வதால்தான் பல வீடுகளில் முதல் செடி செத்துப்போகிறது. செம்மண், ஒரு கை தொழுஉரம், காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மாதம் இலை மஞ்சளாகும், தண்டு சுருங்கும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு சேர்த்து ஊற்றுவோம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் முழுக்க அழுகிக் கிடக்கும்.

கடையில் கிடைக்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனங்களிலிருந்து வந்தவை. தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு வாண்டா என்று பள்ளியில் படித்தோமே, அதே குடும்பம். மரத்திடமிருந்து இவை எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் வேண்டும். மழையில் நனைந்து, மழை விட்டதும் காற்றில் காய்ந்து பழகிய வேர் அது. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு கண்ணெதிரே பச்சையாகிவிடும். இந்த நிறமாற்றத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் ஆர்க்கிட் வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது. எப்போது தண்ணீர் ஊற்றலாம், செடி ஏன் வாடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேரில்தான் இருக்கிறது.

எந்தச் செடி வாங்குவது

பூக்கடையிலும் பரிசுக் கடையிலும் அகன்ற இலையோடு, வளைந்த ஒற்றைப் பூந்தண்டில் பட்டாம்பூச்சி போல வரிசையாகப் பூத்து நிற்பது பெலனாப்சிஸ். ஆசை காட்டும் செடி. ஆனால் அது புதிய பூந்தண்டு விட, சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் வருடத்தின் பெரும்பகுதி பகல் அதைவிடச் சூடு, பல மாதங்களில் இரவும்கூட. வாங்கும்போது இருந்த பூ உதிர்ந்த பிறகு வருடக்கணக்கில் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பெங்களூரு மாதிரி இதமான ஊரில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்தான் சரி.

சமவெளியில் முதல் செடி டென்ட்ரோபியமாக இருக்கட்டும். கரும்பு போலக் கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் தண்டுகள், அவற்றின் நுனியிலிருந்து பூச்சரம். நர்சரிக்காரர்கள் இந்தத் தண்டை ‘கேன்’ என்பார்கள். தாய்லாந்தில் வெட்டுப்பூவுக்காக உருவாக்கிய கலப்பினங்கள் நம் ஊர் வெக்கையைத் தாங்கும். ஊதாவும் வெள்ளையும் கலந்த சோனியா, முழு வெள்ளையான எம்மா ஒயிட் இரண்டும் எளிதில் கிடைக்கும், எளிதில் பூக்கும். வாண்டா இதைவிட அழகுதான். ஆனால் வெறும் வேரோடு தொங்கும் செடி அது, கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் முகத்தைக் காட்டிவிடும். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நர்சரியில் பூவை எண்ணாமல் தண்டை எண்ணுங்கள். மூன்று தண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அடியில் ஒரு புதுத் தளிராவது கிளம்பியிருந்தால் இன்னும் நல்லது. தண்டை மெதுவாக அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். செடி மட்டும் ஆடினால் உள்ளே பிடிப்பு வேர் இல்லை. இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் கணு மடிப்பையும் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவைதான். பழைய தண்டு ஒன்றிரண்டு இலையில்லாமல் லேசாகச் சுருங்கியிருந்தால் கவலை வேண்டாம், புதுத் தண்டு சுருங்கியிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். விலை குறைவு என்று விரல் நீள நாற்று வாங்கினால் பூவுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ‘பூக்கும் பருவம்’ என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு ஆர்க்கிட் இருந்தால் புதிதை மூன்று வாரம் தள்ளியே வைக்க வேண்டும்.

காட்டு மரத்திலிருந்து பிய்த்து வந்து விற்பதை வாங்காதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, அப்படிப் பிய்த்த செடி வீட்டில் பிழைப்பதும் அரிது.

தொட்டியும் கரியும்

நான்கைந்து தண்டு உள்ள செடிக்கு 5 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நடுவில் ஈரம் காயாமல் நின்று வேரைத்தான் அழுகவைக்கும். பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண் தொட்டி கிடைத்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கிறது என்றால், கம்பியைச் சூடாக்கி அடியிலும் பக்கத்திலும் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள்.

உள்ளே போடுவதற்கு மண் ஒரு பிடிகூட வேண்டாம். அடுப்புக்கரி இரண்டு பங்கு, ஓட்டாஞ்சில்லு அல்லது உடைத்த செங்கல் ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. எல்லாம் நெல்லிக்காய் அளவு. கரித்தூளும் செங்கல் தூளும் போகும்வரை அலசிவிடுங்கள், தூள் தங்கினால் காற்றோட்ட இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். கரி என்றால் மரக்கரி. தூளைப் பசையோடு சேர்த்து அச்சில் வார்த்த கட்டி ஆகாது. மட்டையை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் நாள் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வடியும், அது வெளுத்த பிறகுதான் பயன்படுத்தலாம். உப்பும் துவர்ப்பும் அப்படியே இருந்தால் புதுவேர் நுனி கருகும்.

மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரியும் சில்லும் விட்டுவிடும். ஆகவே கலவையை ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். காற்றிலேயே ஈரம் உள்ள சென்னை, நாகர்கோவில் பக்கம் மட்டையே இல்லாமல் கரியும் சில்லும் போதும். சேலம், மதுரை போன்ற வறண்ட ஊரிலும், காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டிலும் மட்டை கட்டாயம்.

நடுவதற்கு முன் செடியை வேரோடு 15 நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள், வேர் வளைந்துகொடுக்கும். பழைய தொட்டியின் நடுவில் பாசியோ ஸ்பாஞ்சோ திணித்திருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், பழுப்பேறியிருந்தாலும், அது உயிர் வேர். அழுத்தியதும் தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் கையில் நின்றால் அது செத்தது, வெட்டிவிடுங்கள். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்பு தீயில் வாட்டுங்கள். ஆர்க்கிட் வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம் கத்தியில் ஏறித்தான், அதற்கு மருந்தும் கிடையாது. மாங்கோசெப்பும் கார்பன்டசிமும் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வேரை 10 நிமிடம் முக்கி நிழலில் உலர்த்துங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் வெட்டிய முனையில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைக்கலாம். நல்ல வேரின் மேல் தூவினால் அதையும் உலர்த்திவிடும்.

பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுத் தளிர் நடுவைப் பார்த்தும் இருக்கும்படி வையுங்கள். செடி ஒரே திசையில் நகர்ந்து நகர்ந்து வளர்வதால், போக இடம் வேண்டும். தண்டின் அடி கரியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், புதையவே கூடாது. இப்படி வைத்தால் செடி சாயும். அதனால் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் இறுக்கமாக ஊன்றி, துணிக்கீற்றால் கட்டிவிடுங்கள். ஆடும் செடியில் புதுவேர் நுனி கரியில் உரசி உரசியே கருகும். நட்ட பிறகு இரண்டு மூன்று நாள் ஊற்ற வேண்டாம், லேசாகத் தெளித்தால் போதும். இரண்டு வாரம் நல்ல நிழல்.

வெளிச்சம்

டென்ட்ரோபியம் பூக்கவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருட்டுதான் இருக்கும். கூடத்து டீப்பாய் மேல் வைத்தால் உயிரோடு இருக்கும், பூக்காது. பூத்த பிறகு பத்து நாள் உள்ளே கொண்டுவந்து பார்த்து மகிழ்ந்துவிட்டுத் திருப்பி வையுங்கள்.

காலை பத்து மணிவரை வெயில் விழும் கிழக்குப் பால்கனிதான் உகந்த இடம். மேற்குப் பால்கனியானால் 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். மொட்டை மாடிக்கும் அதுவே, கத்திரி வெயில் முடியும்வரை மட்டும் 75 சதவீத வலை. தளத்தின் மேலேயே தொட்டியை வைக்காதீர்கள். மே மாதத்தில் காங்கிரீட்டிலிருந்து ஏறும் சூடு வேரை வேகவைத்துவிடும். தொங்கவிடுங்கள், அல்லது கம்பி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

வெளிச்சம் சரியா என்று இலையே சொல்லும். கரும்பச்சையாக, பளபளவென்று, பார்க்க மிக அழகாக இருந்தால் போதவில்லை என்று பொருள். இளம் வாழையிலை போல மஞ்சள் கலந்த பச்சைதான் பூக்கும் நிறம். ஓரத்தில் செம்மை படர்ந்தால் அதுதான் எல்லை. வெளுத்த திட்டு விழுந்து நடுவில் பழுப்பானால் வெயில் சுட்டுவிட்டது. அந்தத் திட்டு ஆறாது, ஆனால் பரவவும் பரவாது. இலையை வெட்டாமல் இடத்தை மாற்றுங்கள்.

தண்ணீர்

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பதைவிட வேர் என்ன நிறம் என்று பார்ப்பது உதவும். கரியின் மேல் படர்ந்த வேர் வெள்ளியாகி, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் நாளை பார்க்கலாம். நடைமுறையில், கரி–சில்லுத் தொட்டிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை தினமும் ஒருமுறை தேவைப்படும், காற்று வறண்ட ஊரில் சில நாள் இரண்டு முறைகூட. மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. மட்டை கலந்த தொட்டிக்கு இதில் ஏறக்குறைய பாதி.

ஊற்றும்போது அடியில் கொட்டும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. காய்ந்த கரியில் முதல் தண்ணீர் பெரும்பாலும் வழிந்து ஓடிவிடும், நனைந்த பிறகு ஊற்றுவதை நன்றாக உறிஞ்சும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஊற்றினால் தளிரின் குருத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்று அழுகல் தொடங்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று இணையத்தில் சுற்றும் யோசனை குளிர்நாட்டுச் சன்னலோரத்துப் பெலனாப்சிஸுக்குச் சொன்னது, கரித்தொட்டிக்கு அது ஒரு மிடறுகூட ஆகாது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சில மாதத்தில் கரியின் மேல் வெள்ளைப் படிவு தெரியும், வேர் நுனி பழுப்பாகும், இலை நுனி கருகும். மழைத் தண்ணீருக்கு ஈடு இல்லை. ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். அது வெளியே தள்ளும் கழிவு நீரில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும், அதை ஆர்க்கிட்டுக்குக் காட்டவே கூடாது. தினமும் ஊற்றப் போர் தண்ணீரைவிட்டால் வழியில்லை என்றால், மாதம் ஒருமுறை இரண்டு மூன்று லிட்டர் நல்ல தண்ணீரால் தொட்டியை அலசிவிடுங்கள்.

உரம்

கரியிலும் செங்கல்லிலும் சத்து கிடையாது, நாம் கொடுப்பதுதான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், அதாவது டீஸ்பூனில் கால் பாகம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டுப் பிறகு உரக் கரைசலை ஊற்றுங்கள். காய்ந்த வேரில் பட்டால் சுடும். நான்காவது வாரம் உரமில்லாமல் அலசல் மட்டும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மட்டும் ஊற்றுபவர்கள் மாதம் ஒருமுறை எப்சம் உப்பு லிட்டருக்கு 1 கிராம் சேர்க்கலாம்.

கடலைப்புண்ணாக்குக் கரைசலும் சாணித் தெளிவும் தேர்ந்தவர்கள் கையில் நன்றாகவே வேலை செய்யும். புதியவர் கையில் கசடு இடுக்கில் தங்கி, நாறி, நத்தையைக் கூட்டிவரும். முதல் வருடம் வேண்டாம். ‘பூக்கவைக்கும் டானிக்’ பாட்டில்களையும் விட்டுத்தள்ளுங்கள். வெளிச்சம் இல்லாத செடியை எந்த டானிக்கும் பூக்கவைக்காது.

மொட்டு வந்த பிறகு

புதுத் தண்டு முழு உயரம் வளர்ந்து, நுனியில் இலை விடுவது நின்றதும், மேல் கணுவிலிருந்து பூந்தண்டு கிளம்பும். நுனி மொட்டின் காம்பில் தேன்துளி போல ஒட்டும் திரவம் சொட்டினால் நோய் என்று பயப்பட வேண்டாம், செடி தானாகச் சுரப்பது. ஆனால் அதைத் தேடி எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைக் கூட்டிவரும். அதனால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மொட்டு மஞ்சளாகி உதிர்கிறதா? இடத்தை மாற்றினீர்களா, ஏசிக் காற்று படுகிறதா, வேர் காய விட்டீர்களா என்று பாருங்கள். யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணம் பழக்கூடை. பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு விரியாமலே கொட்டிவிடும். சாப்பாட்டு மேசையில் பழத்துக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கப்பட்ட செடிக்குப் பல நேரம் இதுதான் கதி.

பூ செடியிலேயே ஒன்றிரண்டு மாதம் நிற்கும். கடைசிப் பூவும் உதிர்ந்ததும் பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை கொட்டிய பழைய தண்டைக் காய்ந்த குச்சி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். தண்ணீரும் சத்தும் சேமித்து வைத்திருக்கும் பானை அது. அடுத்த தளிருக்குச் சோறு போடுவதும் அதுதான், சில சமயம் அதிலிருந்தே மறுபடி பூவும் வரும். பழுப்பாகி, அழுத்தினால் சப்பையாகப் போனால் மட்டும் எடுக்கலாம்.

என்னவெல்லாம் கெடும்

தண்டு சுருங்கினால் வேரைப் பாருங்கள். வேர் கெட்டியாக வெள்ளையாக இருந்தால் தாகம், ஒரு வாளியில் கால்மணி நேரம் முக்கி எடுத்தால் சில நாளில் தேறும். வேர் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தால் தண்ணீர் அதிகமாகி, குடிக்க வேர் இல்லாமல் வாடுகிறது. வெளியே எடுத்து, அழுகலை வெட்டி, வெறும் கரி போட்ட சிறிய தொட்டியில் கட்டி நிறுத்தி, நிழலில் வைத்துக் காலையில் தெளிப்பு மட்டும் கொடுங்கள். புதுவேர் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை உரம் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தளிர் ஒரே நாளில் கறுத்து, தொட்டால் கழன்று வருவது அழுகல் நோய். கறுப்புக்குக் கீழே நல்ல பகுதியில் ஒரு விரற்கடை சேர்த்து வெட்டி, பூஞ்சைக்கொல்லி தடவி, மற்றச் செடிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். ஒருநாள் மழை நல்லது, மூன்றாவது நாளும் விடாமல் பெய்தால் கூரைக்கடியில் கொண்டுபோய்விடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டியைக் கீழே இறக்குங்கள்.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி நாலைந்துதான் என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். அதிகமானால் வேப்பெண்ணெய் 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், எண்ணெய் பூசிய இலையை வெயில் பொசுக்கும். இதை வாரம் ஒருமுறை, மூன்று வாரம் செய்ய வேண்டும், ஒரே தெளிப்பில் முட்டை போகாது. கோடையில் இலையடியில் சாம்பல் வெள்ளியாக மினுமினுத்தால் சிலந்திப்பேன், அதற்கும் இதே மருந்துதான், கூடவே தினமும் இலையடியில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வேரின் பச்சை நுனி மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தால் நத்தை. இரவு ஒன்பதுக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள், கையும் களவுமாக மாட்டும்.

தண்டின் மேல் கணுவில் பூவுக்குப் பதிலாக இலையும் வேருமாகக் குட்டிச்செடி முளைப்பதுண்டு. ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்படும் ‘கெய்கி’ என்ற பெயரால் இதை ஆர்க்கிட்காரர்கள் அழைப்பார்கள். ஒன்று வந்தால் சந்தோஷம், எல்லாத் தண்டிலும் வந்தால் வெளிச்சம் குறைவா, தழைச்சத்து அதிகமா, அடிவேர் கெட்டுவிட்டதா என்று சந்தேகப்படுங்கள். குட்டிக்கு மூன்று வேர் விட்டு அவை விரல் நீளம் ஆன பிறகு, ஒட்டியிருக்கும் தண்டில் கொஞ்சம் சேர்த்து வெட்டி 3 அங்குலத் தொட்டியில் நடலாம்.

தொட்டி மாற்றுவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மட்டை மக்கித் தூளாகியிருந்தால் அதற்கு முன்பே. நாள் பார்க்க வேண்டியது தளிரிடம். புதுத் தளிரின் அடியில் பச்சை நுனியோடு வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டிப்பார்க்கும் வாரம்தான் நல்ல வாரம், நட்டதும் புதுக் கரியைப் பிடித்துக்கொள்ளும். பூத்திருக்கும்போது தொடாதீர்கள். எட்டுத் தண்டு தாண்டியிருந்தால் இரண்டாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு பங்கிலும் நான்கு தண்டாவது இருக்கட்டும். வேர் ஓட்டிலோ தொட்டிச் சுவரிலோ ஒட்டிப் பிடித்திருந்தால் பிய்க்க வேண்டாம். அந்தச் சில்லை உடைத்து, வேரோடு அப்படியே புதுத் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள்.